ஆல்பத்தின் பக்கமே சான்று: ஜெர்மன் படைவீரர்களின் போர்க்காலப் படத்தொகுப்புகள்

1995 மார்ச்சில் ஹாம்புர்க் சமூக ஆய்வு நிறுவனம் ஒரு கண்காட்சியைத் திறந்தது. 1941 முதல் 1944 வரை கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் ஆயுதப்படையான வேர்மாக்ட் இழைத்த குற்றங்களே அதன் பொருள். கொலைகளைச் செய்தது நாசிக் கட்சியின் எஸ்.எஸ். அமைப்புதான், சாதாரணப் படைவீரன் போர் மட்டுமே புரிந்தான் என்று அரை நூற்றாண்டாக ஜெர்மன் குடும்பங்களில் சொல்லப்பட்டு வந்ததை அது நேருக்கு நேர் மறுத்தது. அந்த மறுப்புக்கு அது பெரிதும் நம்பியது படைவீரர்களே எடுத்த புகைப்படங்களை. அவற்றில் பல, மாண்டவர்களின் பைகளிலிருந்தும் சிறைப்பட்டவர்களிடமிருந்தும் சோவியத் படை கைப்பற்றிக் காப்பகங்களில் சேர்த்தவை. முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கண்காட்சியைப் பார்த்தனர். 1997இல் மியூனிக்கில் எதிர்ப்புப் பேரணி நடந்தது, நாடாளுமன்றம் விவாதித்தது. 1999 மார்ச்சில் சார்ப்ரூக்கனில் கண்காட்சிக் கட்டடத்தில் குண்டு வெடித்தது.

அதே ஆண்டில் போலந்து வரலாற்றாசிரியர் பொக்டான் முசியாலும் ஹங்கேரியின் கிறிஸ்தியான் உங்வாரியும் எழுப்பிய கேள்விகள் குண்டைவிட வலுவாக இருந்தன. ஜெர்மானியர் கொன்றவர்கள் என்று காட்டப்பட்ட சில சடலங்கள், பின்வாங்கும் முன் சோவியத் உளவுக் காவல்துறை கொன்ற கைதிகளுடையவை என்று முசியால் நிறுவினார். கண்காட்சி நிறுத்தப்பட்டது. வரலாற்றாசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து 2000 நவம்பரில் அறிக்கை தந்தது: படம் எதுவும் போலியல்ல, 1,433 படங்களில் அங்கே இடம்பெறக் கூடாதவை இருபதுக்கும் குறைவு, அடிப்படை வாதம் சரியானது, ஆனால் படங்களைக் கையாண்ட விதத்தில் கவனக்குறைவு இருந்தது. 2001இல் புதிதாகத் திறந்த கண்காட்சியில் படங்கள் பெரிதும் குறைந்தன, எழுத்தாவணங்கள் முன்னுக்கு வந்தன.

இந்தத் தீர்வு எனக்கு ஏற்புடையதல்ல. புகைப்படம் நம்பத்தகாதது, ஆகவே எழுத்தை நம்புவோம் என்ற பாடத்தையே பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்டனர். குறை புகைப்படத்தில் இல்லை, அதை ஆல்பத்திலிருந்து தனியே பிரித்ததில் இருந்தது. போர்வீரன் விட்டுச்சென்ற படத்தொகுப்பில் சான்றாக நிற்பது ஒற்றைப் படமல்ல, பக்கம், பக்கங்களின் வரிசை.

சர்ச்சைக்குள்ளான இடங்களில் ஒன்றான ஸ்லோச்சுவ் (இன்றைய உக்ரைனின் சோலோச்சிவ்) கோட்டையைப் பார்ப்போம். 1941 ஜூலையில் அங்கே இரண்டு குற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. சோவியத் காவல்துறை கொன்று புதைத்த கைதிகளின் உடல்களைத் தோண்டியெடுக்க யூதர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். பிறகு அதே இடத்தில் யூதர்களும் கொல்லப்பட்டனர். வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்கள், சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம் என்றுள்ள ஒரு படம், இறந்தவர் யார் என்று தானாகச் சொல்லாது. காப்பக அட்டையில் பின்னாளில் யாரோ எழுதிய குறிப்பும் சொல்லாது. ஆல்பம் கிடைத்தால் முன்னும் பின்னும் உள்ள படங்கள், தேதி, படைப்பிரிவு நகர்ந்த பாதை ஆகியவற்றோடு வைத்துப் பார்க்கலாம். அப்போதும் விடை கிடைக்காமல் போகலாம். ஆனால் எங்கே சந்தேகிக்க வேண்டும் என்பதாவது தெரியும்.

அந்த ஆல்பங்கள் எப்படி உருவாயின என்பதையும் அறிய வேண்டும். 1932இல் ஆக்ஃபா நிறுவனம் நான்கு மார்க் விலைக்குப் பெட்டிக் கேமரா விற்றது. போர் தொடங்கியபோது ஏறத்தாழ பத்து ஜெர்மானியரில் ஒருவரிடம் கேமரா இருந்தது என்பது மதிப்பீடு. படைச்சேவையின் நினைவாக என்று அட்டையில் பொறித்த ஆல்பங்கள் கடைகளில் கிடைத்தன. கறுப்புத் தாளில் மூலைகள் வைத்துப் படத்தைச் செருகி, கீழே வெள்ளை மையால் எழுதினார்கள். முதலில் பயிற்சி முகாம், உறுதிமொழி நாள். பிறகு 1940இன் பிரான்ஸ், ஈபிள் கோபுரம். பிறகு கிழக்கு, சேற்றுச் சாலை, கூரை வீடுகள், முடிவில்லாத கைதி வரிசை. அப்படிப் பிடிபட்ட சோவியத் வீரர்களில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஜெர்மன் காவலில் மாண்டனர். ஆல்பத்திலோ அவர்கள் வழியில் கண்ட காட்சிகளுள் ஒன்று.

ஆல்பத்தின் உரிமையாளர்தான் படமெடுத்தவர் என்று எடுத்துக்கொள்வது முதல் பிழை. படைப்பிரிவில் ஒருவர் எடுத்ததைச் சுற்றுக்கு விடுவார்கள். மற்றவர்கள் எண்ணைக் குறித்துப் பிரதி கேட்பார்கள். ஒரே படம் பல ஆல்பங்களில் தென்படுவது அதனால்தான். படச்சுருள் களஅஞ்சலில் வீட்டுக்குப் போக, தாயோ மனைவியோ ஒட்டிக் குறிப்பெழுதியதும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்பங்களை ஆராய்ந்து 2009இல் ஓல்டன்பர்க்கில் கண்காட்சி அமைத்த பெட்ரா போப்பின் பணிதான் இந்தக் கூட்டுத் தன்மையை எனக்குப் புரியவைத்தது. ஒரு படத்தை ஒருவர் எடுத்தார் என்பதைவிட, ஒரு குழு அதை விரும்பிப் பிரதியெடுத்துப் பகிர்ந்து பாதுகாத்தது என்பது கனமான செய்தி.

மரணதண்டனைகளைப் படமெடுக்கக் கூடாது என்று ஆணைகள் திரும்பத் திரும்ப வந்தன. திரும்பத் திரும்ப வந்ததே அவை மதிக்கப்படவில்லை என்பதைக் காட்டுகிறது. எஸ்.எஸ். அதிகாரி மாக்ஸ் டாய்ப்னர் வழக்கு இதில் மறக்கவொண்ணாதது. 1943 மேயில் மியூனிக் எஸ்.எஸ். நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. யூதர்களைக் கொன்றதற்காக அல்ல. கொடூரமாக நடந்துகொண்டதும், கொலைகளைப் படமெடுத்துக் கடைகளில் கழுவக் கொடுத்து மனைவிக்கும் நண்பர்களுக்கும் காட்டியதும் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களுள் அடங்கும். அரசு அஞ்சியது படத்துக்கு.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். ஆல்பத்தின் ஒழுங்கு குற்றத்தை மறைக்கிறது. தூக்கில் தொங்கும் உடலைச் சுற்றுலாப் படங்களுக்கு நடுவே வைத்துச் சாதாரணமாக்குகிறது. ஆகவே அதைப் பிரித்தெடுத்துத் தனியே காட்டுவதே அறம் என்பார்கள். 1995இன் அமைப்பாளர்களை இயக்கிய இந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தூக்குக் கயிற்றுக்குப் பக்கத்தில் பிறந்தநாள் விருந்தின் படத்தை ஒட்டிய கையின் மனநிலைக்கு அந்த அருகாமையைத் தவிர வேறு ஆவணம் இல்லை. பிரித்தவுடன் அது அழிந்துவிடும். ஆஷ்விட்ஸ் முகாமின் துணை அதிகாரி கார்ல் ஹோக்கரின் ஆல்பம் போர்முனை வீரனுடையதல்ல, ஆனாலும் இங்கே உதவும். 2007இல் வாஷிங்டனின் இனவழிப்பு நினைவு அருங்காட்சியகத்துக்கு வந்த அதன் 116 படங்களில் ஒரு கொலைகூட இல்லை. உல்லாசப் பயணம், பாட்டு, அவுரிநெல்லி தின்னும் பெண்கள். படங்களில் பல 1944 கோடையைச் சேர்ந்தவை. அந்த மே முதல் ஜூலை வரை நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரி யூதர்கள் நாடுகடத்தப்பட்டனர். பெரும்பாலோர் ஆஷ்விட்ஸுக்கே கொண்டுவரப்பட்டனர். தனியே எடுத்தால் எந்தப் படமும் குற்றம் சாட்டாது.

ஆல்பம் போரோடு முடிவதும் இல்லை. 1943க்குப் பிறகு சுருள் தட்டுப்பாட்டால் பக்கங்கள் மெலிகின்றன. தோல்வியும் சிறைவாசமும் அநேகமாக இடம்பெறுவதில்லை. வீடு திரும்பியவர் பின்னாளில் சில படங்களை உருவியிருப்பார், கீழே ஊர்ப்பெயர் எஞ்சியிருக்கும். எதை அகற்றினார், எதை விட்டுவைத்தார் என்பதில் போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் வரலாறு இருக்கிறது. கைதி வரிசையை அகற்றத் தோன்றாமல் தூக்குமரத்தை மட்டும் அகற்றியவர், எது குற்றம் என்று தன் காலம் கருதியதை நமக்குச் சொல்கிறார்.

ஆகவே இன்றைய போர்ப்பொருள் சந்தை எனக்குக் கவலை தருகிறது. முழு ஆல்பத்தைவிடப் படங்களைத் தனித்தனியே விற்றால் ஆதாயம். பீரங்கி வண்டி உள்ள படத்துக்கு ஒரு விலை, தூக்குமரத்துக்கு வேறு விலை. மிஞ்சும் அட்டை குப்பைக்குப் போகிறது. பல காப்பகங்களின் பட்டியல் முறையும் படத்தையே அலகாகக் கொள்வதால் இதே பிரிவினையைக் கணினித் திரையில் செய்கிறது. பட்டியலின் அலகு பக்கமாக வேண்டும். படத்தின் பின்புறமும், வேறுபடும் கையெழுத்துகளும், பிரதி எண்களும் பதிவாக வேண்டும். படம் உருவப்பட்ட பக்கத்துக்கும் எண் இட்டு, பசைத் தடத்தோடும் எஞ்சிய ஊர்ப்பெயரோடும் ஸ்கேன் செய்தே ஆக வேண்டும்.