தற்காலிகக் கட்டடம் என்றொரு சொல்

ஒரு சிறு கட்டடத்திற்கு அரச ஆவணத்தில் எந்தப் பெயர் இடப்படுகிறது என்பது எழுதுவினைஞரின் மேசையோடு முடிந்துபோகும் விடயமாகவே பலருக்குத் தோன்றும். அந்தப் பெயர் எட்டு இளம் உயிர்களோடு சம்பந்தப்பட்டிருந்த கதை இது.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ஜக்ஸன் நகரில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கேளிக்கைப் பூங்காவில் 1979 ஆம் ஆண்டு 'ஹோண்டட் காசில்' என்ற பேய்க்கோட்டை திறக்கப்பட்டது. வெளித்தோற்றத்தில் அது கோட்டை. உள்ளே இருந்தவையோ, லொறிகள் இழுத்துச் செல்லும் அலுமினியப் பெட்டிகள் பதினேழு. அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, இருண்ட வளைவுப் பாதை ஒன்றை அமைத்திருந்தார்கள். பெயர்த்தெடுக்கக்கூடிய பெட்டிகள் என்பதால் அது 'தற்காலிக அமைப்பு' என வகைப்படுத்தப்பட்டது. நிரந்தரக் கட்டடத்திற்குரிய விதிகள் அதன்மீது பாயவில்லை. தானியங்கி நீர்த் தெளிப்பான் இல்லை. புகையை உணரும் கருவியும் இல்லை. தற்காலிகம் எனப்பட்ட அது ஐந்து ஆண்டுகள் அசையாமல் நின்றது!

1984 மே 11, வெள்ளிக்கிழமை மாலை. உள்ளே சுவரில் பதித்திருந்த மெத்தைப் பஞ்சில் தீப்பற்றியது. இருட்டில் வழி தேடிய சிறுவன் ஒருவனின் சிகரெட் லைட்டரிலிருந்து அது பரவியதாகக் கூறப்பட்டது. எண்ணெயில் பிறக்கும் அவ்வகைப் பஞ்சு எரிந்தால் நச்சுப்புகை நொடிகளில் நிறையும். பதின்ம வயதினர் எண்மர் வெளியேற வழியின்றி மாண்டனர். தீயணைப்பு வீரர்கள் அவர்களது சடலங்களை முதலில் காட்சிப் பொம்மைகள் என்றே எண்ணினார்களாம். மக்களைப் பயமுறுத்துவதற்கென்றே அமைத்த இடத்தில் உண்மை மரணத்தை அடையாளம் காண்பதுகூடக் கடினமாகிவிட்டது.

நிறுவனத்தின் மீது கொலைக்குற்றத்திற்கு அடுத்த நிலையிலான குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என எதிர்த்தரப்பு வாதிட்டது. 1985 இல் ஜூரிகள் விடுதலைத் தீர்ப்பு வழங்கினர். தீர்ப்பைப் பற்றி எவரும் எவ்வாறும் வாதாடலாம். ஆனால் தீயை மூட்டியது யார் என்ற கேள்வி, அதை அணைக்க அங்கு ஏன் ஒன்றுமே இருக்கவில்லை என்ற கேள்விக்கு விடையாகாது என்பது என் எண்ணம்.

சட்டநூல்கள் பின்னர் இந்த விசித்திரக் கட்டடங்களுக்கெனத் தனி வகையொன்றை வகுத்துக்கொண்டன: 'சிறப்புக் கேளிக்கைக் கட்டடம்'. அமெரிக்க உயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, பொதுவாக ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் கூடினால்தான் ஓரிடம் 'மக்கள் கூடுமிடம்' ஆகும். பேய்வீட்டுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. உள்ளே ஐந்து பேர் நின்றாலும் அது கூடுமிடமே. காரணம் எளிது. வேறெந்தக் கட்டடமும் வெளிவாசலைக் காட்டவே முயலும். இது ஒன்றே வாசலை மறைப்பதற்காகக் கட்டப்படுவது.

ஆகவே, அபாயம் உணரப்பட்டவுடன் பயங்கர ஓசைகள் நின்று, விளக்குகள் எரிந்து, வெளிவாசல் புலப்பட வேண்டும் என்றும் விதித்தார்கள். 'தற்காலிகம்' என்ற சொல் இன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆயினும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பில் அச்சொல் மட்டும் போதாது. பரப்பு 1,000 சதுர அடிக்குக் குறைவாகவும், எந்த மூலையிலிருந்தும் வாசலுக்கான தூரம் 50 அடிக்குக் குறைவாகவும் இருந்தால்தான் அத்தகைய அமைப்புக்கு நீர்த் தெளிப்பானிலிருந்து விலக்குக் கிடைக்கும்.