அவலாஞ்சி மீனும் ஒரு பழைய வாக்கும்

1984 மே மாதம். மகனுக்குப் பத்து வயது. நீலகிரி அவலாஞ்சிக்குப் போய் ட்ரவுட் மீன் பிடிப்பது என்று இருவரும் நோட்டில் திட்டம் எழுதினோம். கடைசி நேரத்தில் எனக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டான்.

ட்ரவுட் நம் நாட்டு மீன் அல்ல. குளிர்ந்த நீரில்தான் வாழும். முட்டைகூட வெப்பம் தாங்காது. 1860-களில் டாக்டர் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார், கைகூடவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எச்.சி. வில்சன் முயற்சியில், 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்தது. அதன் பிறகே வானவில் ட்ரவுட் அந்த ஓடைகளில் நிலைத்தது. வெள்ளைக்காரர்கள் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியை நீர்மேல் வீசி அதைப் பிடித்தார்கள். புழு வேண்டாம், பொறுமை வேண்டும்.

போன வாரம் மகன் அதே நோட்டுடன் வந்தான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. "அப்பா, இந்த மே மாதம் போவோமா?" என்றான்.

முதலில் மீன்வளத் துறையிலும் வனத்துறையிலும் அனுமதி கேட்க வேண்டும். பிறகு என் முழங்காலிடம் கேட்க வேண்டும். டே நினைத்தது நடக்கவும் நாற்பது வருஷம் ஆயிற்றே!