பெருவிரல் அடையாளமும் எண்பிப்புச் சுமையும்

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கண்ணகை அம்மன் கோயில்களில் வழக்குரை பாடப்படுகின்றது. ஒருவன் சொல்லை மட்டும் நம்பி, தீர விசாரியாது அரசன் விதித்த கொலைத் தண்டத்தையும், அதனை எதிர்த்து ஒரு பெண் அவையேறி வழக்காடியதையும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் மக்கள் நாம். ஆயினும் இப்பிரதேசத்தின் சட்ட வரலாற்றைப் பேசப் புகுவோர் பெரும்பாலும் முக்குவர் சட்டத்தோடு அமைந்துவிடுகின்றனர். பிரிற்றோ 1876இல் நூலாக்கிய அவ்வழக்காறு தாய்வழிச் சொத்துரிமை பற்றியது. ஆய்வுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. எனினும் சொத்துச் சட்டத்தின் வரலாறு மட்டுமே ஒரு சமூகத்தின் நீதி வரலாறு ஆகிவிடாது. குற்றஞ்சாட்டப்பட்டவனின் வாயிலிருந்து பெறப்படும் சொல்லை நீதிமன்றம் எவ்வாறு நடத்தியது என்ற ஒரு வினாவை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை எமது வாவிக்கரை வரை தொடர்ந்து வருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நாட்டு உரோமன்-டச்சுச் சட்டத்தையும் உடன் கொணர்ந்தனர். அக்காலத்து ஐரோப்பியக் குற்ற நடைமுறையில் ஒப்புதலே சான்றுகளுள் தலையாயது. அதனைப் பெறுதற்பொருட்டுச் சந்தேக நபரை வதைத்தல் சட்டத்துக்குப் புறம்பான செயலன்று, சட்டம் வகுத்த வழியே ஆகும். ஆங்கிலேயர் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய பின்னர், தேசாதிபதி பிரடெரிக் நோர்த் 1799 செப்டெம்பர் 23ஆந் திகதிய பிரகடனத்தின் மூலம் சித்திரவதையையும், சக்கரத்திற் கட்டி என்பு முறித்தல் போன்ற கொடுந் தண்டனைகளையும் ஒழித்தார். ஏட்டளவிலேனும் இது பெரிய திருப்பமே. ஆயினும் வதைத்தலைத் தடை செய்வது வேறு, வதைத்துப் பெற்ற சொல்லைப் பயனற்றதாக்குவது வேறு. பின்னையது கைகூட மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது.

அதற்கான தூண்டுதல் இங்கிருந்து எழவில்லை. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் குடியானவர் வதைக்கப்படுவதாகப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வினா எழுந்ததன் பயனாக, ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு 1855இல் அறிக்கை சமர்ப்பித்தது. வழக்கறிஞர் ஜோன் புரூஸ் நோட்டன் அதன் உறுப்பினருள் ஒருவர். அவ்வறிக்கையின் ஆங்கிலப் பக்கங்களில் இரு தமிழ்ச் சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன: கிட்டி, அண்ணந்தாள். கிட்டி என்பது ஒரு முனையிற் பிணைக்கப்பட்ட இரு கட்டைகளுக்கிடையே விரல்களை வைத்து நெரிப்பது. அண்ணந்தாள் என்பது தலை காலோடு சேருமாறு உடலை வளைத்துக் கட்டி நிறுத்துவது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மாணாக்கரைத் தண்டிக்க வழங்கிய சொல்லொன்று அரசாங்க அறிக்கையில் வதையின் பெயராய் ஏறியமை எண்ணுந்தொறும் மனதை உறுத்துவது. வரி தண்டுபவரும் பொலிஸ் கடமை செய்பவரும் ஒருவராகவே இருந்தமை இக்கொடுமைக்கு வாய்ப்பளித்ததென்பதும் அன்று வெளிப்பட்டது. 1861இல் இந்தியக் குற்றவியல் நடவடிக்கைக் கோவை, பொலிஸாரிடம் கூறப்பட்ட ஒப்புதலை நீதிமன்றத்தில் எண்பிக்கலாகாது என விதித்தது. அவ்விதியின் பின்னணியில் நின்ற காரணிகளுள் சென்னை அறிக்கை முக்கியமானதெனலாம். ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் அதனைத் தன் 25ஆம் பிரிவாக ஏற்றது. அச்சட்டத்தைப் பின்பற்றி இலங்கையில் இயற்றப்பட்ட 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்திலும் அதே 25ஆம் பிரிவாக அது அமைந்தது. தமிழகத்துக் குடியானவன் ஒருவனின் நெரிந்த விரல்கள் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் நின்ற ஒருவனுக்குக் காப்பாயின என்று கூறின் அது மிகையாகாது.

இலங்கைச் சட்டம் இன்னும் ஒரு படி மேற்சென்றது. மதுவரி உத்தியோகத்தரிடமும் வனத்துறை உத்தியோகத்தரிடமும் அவ்வத் துறைக் குற்றம் பற்றிக் கூறப்படும் ஒப்புதலையும் அது விலக்கியது. அதாவது, கசிப்புக் காய்ச்சியவன் “நானே காய்ச்சினேன்” என்று மதுவரி அதிகாரியிடம் சொன்னாலும், அச்சொல்லை மட்டும் வைத்து அவனைத் தண்டித்தல் இயலாது. ஒப்புக்கொள்ள உண்மையாகவே விரும்புபவன் நீதவான் முன்னிலையில் தன் சுயவிருப்பிற் கூறலாம். அச்சுறுத்தலின்றிக் கூறப்பட்டதென்பதை எண்பிக்கும் சுமை வழக்குத் தொடுநரைச் சார்ந்தது. சிறு குற்றவாளிக்கும் பெருங் குற்றவாளிக்கும் இவ்விதி பொதுவாக இருந்தது.

இவ்வரண் முதலில் உடைக்கப்பட்டது தமிழருக்கு எதிராக அன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின், தென்னிலங்கைச் சிங்கள இளைஞரை விசாரிக்கவென இயற்றப்பட்ட 1972ஆம் ஆண்டின் குற்றவியல் நீதி ஆணைக்குழுக்கள் சட்டமே பொலிஸாரிடம் கூறிய ஒப்புதலுக்கு வாசலைத் திறந்தது. 1977இல் ஆட்சி மாறியபோது அச்சட்டம் நீக்கப்பட்டது. நீக்கிய அதே அரசாங்கம் இரண்டே ஆண்டுகளில், 1979 யூலையில், 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்திற்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் அளிக்கப்படும் ஒப்புதல் சான்றாக ஏற்கப்படும். அது வற்புறுத்திப் பெறப்பட்டதெனில், அதனை எண்பிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவனுடையது! மூன்றாண்டுக்கெனக் கொணரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிலைபேறாக்கப்பட்டது.

அதே 1979 யூலை மாதத்திற் சீன மக்கள் குடியரசும் தன் முதலாவது குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்புதலை முதன்மைப்படுத்திய நெடிய மரபு சீனத்துக்கும் உண்டு. மன்னராட்சியின் இறுதிக் காலத்தில், 1905 அளவில், சென் சியாபென் முதலிய சட்ட அறிஞர்கள் வதைத்து விசாரிப்பதை ஒழிக்க முற்பட்டனர். 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புதலை மட்டுங்கொண்டு ஒருவரைத் தண்டிக்கலாகாது என்றது. எழுத்தில் நாம் பின்வாங்கிய மாதத்தில் அவர்கள் முன்னேறினர் எனலாம். நடைமுறையோ வேறு. ஹூபே மாகாணத்தில் மனைவியைக் கொன்றதாக ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டு 1994 முதல் சிறையிருந்த ஷே ஷியாங்லின் என்பவரின் மனைவி, 2005இல் உயிருடன் ஊர் திரும்பினாள். 2010இல் ஹெனான் மாகாணத்திலும் இத்தகையதொரு ‘இறந்தவன்’ திரும்பி வந்தான். வதைத்துப் பெற்ற ஒப்புதலை விலக்கும் விதிகள் அவ்வாண்டில் வெளியாகி, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற் சட்டமாயின. அங்கும் அவற்றின் அமலாக்கம் பற்றிய குறைகள் பல உள. ஆயினும் பிழை கண்ணெதிரே வந்து நின்றபோது சட்டத்தின் எழுத்தாவது மாறியது.

இனி எமது வழக்குக்கு வருவோம். 1993 யூலை 16ஆந் திகதி அதிகாலை, மட்டக்களப்பு மாவட்டக் கிராமமொன்று சுற்றிவளைக்கப்பட்டது. தம் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த நல்லரத்தினம் சிங்கராசாவும் அவருடன் ஏறத்தாழ 150 ஆண்களும் கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு மாமரத்திற் கட்டித் தொங்கவிடப்பட்டதாகவும், பின்னர் மட்டக்களப்பிற் பொலிஸ் விசாரணையின்போது நீர்த்தொட்டியில் அமிழ்த்தப்பட்டதாகவும், கண்கள் கட்டப்பட்டுத் தாக்கப்பட்டதாகவும் அவர் முறையிட்டார். மாதங்கள் பல கழிந்து, டிசெம்பர் 11ஆந் திகதி உதவிப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவர் முன் நிறுத்தப்பட்டார். முன்னர் அவரை விசாரித்த பொலிஸ் கான்ஸ்டபிளே அன்று மொழிபெயர்ப்பாளர். அவரே தட்டச்சாளரும் ஆவார். சிங்களத்தில் அமைந்த அவ்வாக்குமூலம் தமக்கு விளங்கவில்லையெனக் கூறிக் கையொப்பமிட மறுத்ததாகவும், தம் பெருவிரலைப் பலவந்தமாகப் பிடித்து அதில் அழுத்தியதாகவும் சிங்கராசா கூறினார்.

யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய நான்கு முகாம்கள்மீதான தாக்குதல்கள், அரசைக் கவிழ்க்கச் சதி என ஐந்து குற்றச்சாட்டுகள் கொழும்பு மேல் நீதிமன்றில் அவர்மீது சுமத்தப்பட்டன. அவ்வாக்குமூலமன்றி வேறு சான்று இல்லை. முதுகிலும் இடது கண்ணிலும் காயத்தின் தடங்கள் உண்டென மருத்துவ அறிக்கை கூறியது. ஆயினும் ஒப்புதல் ஏற்கப்பட்டது. வதையை நீதவானிடம் அவர் முறையிடாதிருந்தமை அவருக்கு எதிராகவே கொள்ளப்பட்டது. முறையிட்ட பின்னர் அதே பொலிஸாரின் காவலுக்கே திரும்பவேண்டியவன் எத்துணிவில் முறையிடுவான் என்ற வினாவைச் சட்டம் கேட்க வேண்டியதில்லை. எண்பிப்புச் சுமை அவனுடையதன்றோ! 1995 ஒக்டோபரில் 50 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. 2000 சனவரியில் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. கசிப்புக் காய்ச்சியவனுக்கு உள்ள காப்பு இவருக்கு இல்லாது போயிற்று.

இதே வாவியின் மேற்குக் கரையில், இக்கைதுக்கு ஈராண்டு முன்னர் நிகழ்ந்ததொன்றை அருகே வைத்து நோக்குதல் தகும். 1991 யூன் 12ஆந் திகதி மண்முனைத் துறையருகே வெடியிற் சிக்கி இராணுவத்தினர் இருவர் மாண்டதையடுத்துக் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியிற் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். சனாதிபதி நியமித்த விசாரணை ஆணைக்குழு, 67 பேர் இறந்தனர் என்றும், இது இருதரப்புச் சூட்டின் நடுவே சிக்கி நேர்ந்ததன்று, பழிவாங்கலே என்றும் 1992இல் முடிவு கூறியது. வழக்கு இராணுவ நீதிமன்றுக்குச் சென்றது. படைவீரர் 19 பேரும் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டனர். கட்டளை அதிகாரி, வீரரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்கும் சடலங்களைச் சட்டவிரோதமாக அகற்றியமைக்கும் சேவையிலிருந்து நீக்கப்பட்டார். ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே என்ற கோட்பாடு இந்நாட்டில் மறக்கப்படவில்லை என்பதற்கு இது சான்று. எவருக்கு நினைவுகூரப்பட்டது என்பதே கேள்வி.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. தனிமனிதர் முறைப்பாட்டுக்கு வழிசெய்யும் விருப்பாணையை 1997இல் ஏற்றது. அவ்வழியாகச் சிங்கராசா ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழுவை நாடினார். சுயவிருப்பின்மையை எண்பிக்கவேண்டிய அளவு மிகத் தாழ்வானதே என அரசு வாதித்தது. சுமை தாழ்வாயினும் அதனைக் குற்றஞ்சாட்டப்பட்டவன்மீது ஏற்றுதல் தகாது என 2004 யூலையில் குழு கூறியது. விடுதலை அல்லது மறுவிசாரணையும் நட்டஈடும் அளிக்கப்படவேண்டும். சட்டமும் உடன்படிக்கைக்கு இயைய மாற்றப்படவேண்டும் என்பது அதன் முடிவு. இதனை ஏந்தி அவர் மீண்டும் உயர் நீதிமன்றம் சென்றார். 2006 செப்டெம்பர் 15ஆந் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளியது. விருப்பாணையைச் சனாதிபதி ஏற்றமையே அரசியலமைப்புக்கு முரணானது. நீதித்துறையின் அதிகாரத்தை வெளியாருக்கு அளிக்க அவருக்கு உரிமையில்லை என்பது தீர்ப்பு. இறைமை பற்றிய அவ்வாதத்தில் அரசியலமைப்பறிஞர் நயம் காணக்கூடும். ஆயின் பெருவிரல் அடையாளம் எவ்வாறு பெறப்பட்டதென்ற வினா அத்தீர்ப்பில் இடம்பெறவில்லை. தீர்ப்பு முழுவதும் சனாதிபதியின் அதிகாரம் பற்றியது. மனுதாரரின் விரல் பற்றியதன்று.

2007இல் உடன்படிக்கையின் சில உரிமைகளை உள்நாட்டுச் சட்டமாக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018இலும் 2023இலும் மசோதாக்கள் வர்த்தமானியில் வெளியாகி, நிறைவேறாது கழிந்தன. இடையில், 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தடுப்புக் காவலின் உச்ச எல்லையை 18 மாதங்களிலிருந்து 12 ஆகக் குறைத்தது. தடுத்துவைக்கப்படும் இடங்களை நீதவான் சென்று பார்வையிடவும் வழிசெய்தது. 16ஆம் பிரிவின் ஒப்புதல் விதியை அத்திருத்தம் தொடவில்லை.