'அண்டர்டேக்கர்'னா முதலில் தொழிலதிபரா? துணிச்சலைச் சொன்ன பழைய ஆங்கில வார்த்தைகளின் கதை

'அண்டர்டேக்கர்' என்றதும் 90ஸ் கிட்ஸுக்கு ட்ரம்ப் கார்டும், சவப்பெட்டியோடு மிரட்டிய அந்த மல்யுத்த வீரரும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்றைய ஆங்கிலத்தில் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்பவருக்கு அந்தப் பெயர். ஆனால் 400 ஆண்டுகளுக்கு முன்பு கதையே வேற! ஒரு பெரிய காரியத்தைத் துணிந்து ஏற்று நடத்துபவர்தான் அண்டர்டேக்கர்.

'அட்வென்ச்சர்', 'வென்ச்சர்', 'எண்டர்பிரைஸ்' ஆகிய சொற்களுக்கும் இப்படி ஒரு பழைய வாழ்க்கை இருக்கு. என்ன அது? பார்க்கலாம்.

அட்வென்ச்சரும் வென்ச்சரும் ஒண்ணா?

ஆமாம். 'வரப்போவது' என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அட்வென்ச்சர். தற்செயலாக நடப்பது, அதிர்ஷ்டம் என்பதுதான் அதன் முதல் பொருள். ஆபத்து, சாகசம் எல்லாம் அப்புறம் சேர்ந்தவை. அந்தச் சொல்லின் முன்பகுதி தேய்ந்து பிறந்ததுதான் 'வென்ச்சர்'.

கப்பலில் சரக்கு அனுப்பினால் அது திரும்பி வருமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அப்படிப் பணயம் வைத்த பணத்தையும் சரக்கையும் வியாபாரிகள் 'வென்ச்சர்' என்றார்கள். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் அன்டோனியோ கடலில் விட்டிருப்பதும் இதைத்தான்.

'அட்வென்ச்சரர்' யார்?

மலை ஏறுபவர் இல்லை, பணம் போட்டவர்! 1600 டிசம்பர் 31-ல் அரசி முதலாம் எலிசபெத்திடம் உரிமம் பெற்ற கிழக்கிந்திய கம்பெனியின் முதலீட்டாளர்களுக்கு 'அட்வென்ச்சரர்' என்றே பெயர். 1639-ல் சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்ததும் இதே கம்பெனிதான். 1670-ல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி தன் அதிகாரப்பூர்வ பெயரிலேயே இந்தச் சொல்லை வைத்துக்கொண்டது. பங்குதாரர் லண்டனில் வீட்டிலேயே இருப்பார். புயலிலும் நோயிலும் சாகிறவர் மாலுமி. ஆனால் 'சாகசக்காரர்' பட்டம் யாருக்குப் போச்சு பாருங்க.

அயர்லாந்தில் என்ன நடந்தது?

இந்தச் சொற்களின் இருண்ட பக்கம் இதுதான். 1609-க்குப் பிறகு அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் பறிமுதல் செய்த நிலங்களை இங்கிலாந்து அரசு பிரித்துக் கொடுத்தது. அதை வாங்கிய ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர்களில் ஒரு பிரிவினருக்கு 'அண்டர்டேக்கர்' என்று பெயர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தணும். ஐரிஷ் குத்தகைதாரர்களை வைத்துக்கொள்ளக் கூடாது. இதுதான் அவர்கள் 'ஏற்றுக்கொண்ட' காரியம்.

அடுத்து 1642-ல் 'அட்வென்ச்சரர்ஸ் சட்டம்' வந்தது. ஐரிஷ் கிளர்ச்சியை அடக்கும் போருக்கு 10 லட்சம் பவுண்ட் திரட்ட வேண்டும். பணம் கொடுப்பவர்களுக்கு, கிளர்ச்சியாளர்களிடம் பின்னால் பறிக்கப்போகும் 25 லட்சம் ஏக்கர் நிலம்! நிலத்தை இழக்கப்போகிறவர்களுக்கு இது சாகசமா என்ன?

எண்டர்பிரைஸ் எங்கிருந்து வந்தது?

'கையில் எடுத்தல்' என்ற பிரெஞ்சு வேரிலிருந்து. இதன் உறவுக்காரச் சொல் 'எம்ப்ரைஸ்'. வீரர்களின் அரிய செயலைக் குறித்த இது, இப்போது பழைய கவிதைகளில் மட்டும்தான் கிடைக்கும். 'ஆன்ட்ரப்ரனர்' என்பதும் இதே குடும்பம். 'ஏற்று நடத்துபவர்' என்பதற்கு பிரெஞ்சுச் சொல் அது. ஆங்கிலச் சொல் அண்டர்டேக்கர். 1776-ல் வெளியான தன் பொருளாதார நூலில் ஆடம் ஸ்மித்தும் தொழில் நடத்துபவரை அண்டர்டேக்கர் என்றே எழுதினார். அதற்குள் இறுதிச் சடங்குப் பொருளும் புழக்கத்துக்கு வந்திருந்தது. கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

தப்பாகப் புரிந்துகொண்டதால் பிறந்த சொல்லா?

அதுவும் இருக்கு: 'டெரிங்-டூ'. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் 'செய்யத் துணிவது' என்ற பொருளில் எழுதிய சாதாரணத் தொடர் அது. பின்னால் வந்த அச்சுப் பிரதிகளில் எழுத்து மாறியது. 1579-ல் கவிஞர் ஸ்பென்சர் அதை 'வீரம்' என்ற தனிச் சொல்லாகவே எடுத்துக்கொண்டார். 'ஐவன்ஹோ' நாவலில் வால்டர் ஸ்காட் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். இன்றைக்கும் அகராதியில் இருக்கு.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

ஸ்டார்ட்-அப் செய்திகளில் 'வென்ச்சர் கேபிடல்' என்ற சொல் தினமும் வருது. பழைய பொருளில் பார்த்தால் அது பணயம் வைத்த பணம். யாருடைய பணம், தோற்றால் இழப்பு யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். கப்பல் காலத்திலிருந்தே அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கேள்வி அது.