வின்ச் இருக்கட்டும், தண்ணி எவ்ளோ எடுத்துட்டுப் போறீங்க?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கின கையோட எல்லாரும் ஓடுறது ஆக்சசரி கடைக்கு. வின்ச், ஸ்நார்க்கல், கூரை மேல டென்ட், கண்ணைக் கூசுற லைட் பார். ரோடே இல்லாத ஊருக்கு வண்டியை எப்படித் தயார் பண்ணணும்னு மனுசங்க கத்துக்கிட்ட வரலாறு இதுக்கு நேர் எதிர். எதையெல்லாம் கழட்டலாம், எவ்ளோ தண்ணி தேவைங்கிற கணக்குல தான் அது ஆரம்பிச்சது. கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்துடுங்க.

நம்ம ஹீரோ ரால்ஃப் பேக்னோல்ட். பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர், பொறந்தது 1896. 1920-களின் பிற்பாதியில எகிப்துல போஸ்டிங். லீவு கிடைச்சா கூட்டாளிங்களோட ஃபோர்டு மாடல் டி, அப்புறம் மாடல் ஏ காரை எடுத்துக்கிட்டு லிபியப் பாலைவனத்துக்குள்ள போயிடுவார். பின் சக்கரத்துக்கு மட்டும் பவர் போற சாதாரண கார். மேப்ல பாதி இடம் வெள்ளையா கிடந்த காலம். மாட்டினா தூக்கி விட ஆளும் கிடையாது.

முதல் பிரச்சினை தண்ணி. மணல்ல லோ கியர்ல இழுத்தா ரேடியேட்டர் கொதிக்கும், நீராவி ஓவர்ஃப்ளோ குழாய் வழியா காத்தோட போயிடும். மனுசன் குடிக்க வேண்டியதை வண்டி குடிச்சுடும். இவங்க அந்தக் குழாயை, வண்டி பக்கவாட்டுல மாட்டின ஒரு கேனுக்குள்ள விட்டாங்க. கேன்ல பாதி தண்ணி இருக்கும். நீராவி அதுல இறங்கி, குளிர்ந்து, திரும்பவும் தண்ணியாயிடும். கேனும் கொதிக்க ஆரம்பிச்சா வண்டியைக் காத்து வர்ற பக்கம் திருப்பி நிறுத்திட்டு ஒரு நிமிஷம் காத்திருப்பாங்க. ரேடியேட்டர் ஆறும்போது உள்ள வெற்றிடம் உண்டாகி, கேன்ல இருக்கிற தண்ணியை களக் களக்னு அதுவே உறிஞ்சிக்கும்.

இதைப் படிச்சப்ப எனக்கு கிட்னி தான் ஞாபகம் வந்துச்சு. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டி, அதுல ஒண்ணு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளிய விட்டுட்டு மீதியை உடம்புக்கே திருப்பித் தர்ற உறுப்பு. இன்னைக்கு உங்க கார் பானட்டுக்குள்ள இருக்கிற கூலன்ட் டப்பாவும் இதே வேலையைத்தான் பார்க்குது.

அடுத்தது, புதையறது. முதல் உலகப் போர்ல பதுங்குகுழிக்குக் கூரை போடுறதுக்காகச் செஞ்ச நீளமான இரும்புத் தகடுகள் கெய்ரோவுல ஒரு காயலான் கடையில பேக்னோல்ட் கண்ணுல பட்டுச்சு. அதைப் புதைஞ்ச சக்கரத்துக்கு முன்னாடி போட்டு ஏத்தினாங்க. இப்ப ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக்ல மாட்டிக்கிட்டுத் திரியுற ரிக்கவரி போர்டுக்கு அது தான் தாத்தா. டயர்ல காத்தைக் குறைச்சா தரையைத் தொடுற பரப்பு நீளும், வண்டி மணல் மேல மிதக்கும்ங்கிறதையும் ஓட்டி ஓட்டியே தெரிஞ்சிக்கிட்டாங்க. வண்டியோட இரும்பு காந்த திசைகாட்டியைக் குழப்பும், அதனால நிழலை வச்சு திசை பார்க்குற சூரிய திசைகாட்டியை டேஷ்போர்டுல வச்சாங்க.

1935-ல பேக்னோல்ட் ரிட்டயர் ஆயிட்டார். 1939-ல போர் வந்ததும் திரும்பக் கூப்பிட்டு கென்யாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. நடுக்கடல்ல அந்தக் கப்பல் இன்னொண்ணோட மோத, அவரைக் கொண்டு போய் எகிப்துல இறக்கிட்டாங்க! 1940 ஜூன்ல ஜெனரல் வேவல் (ஆமா, பின்னாடி நம்ம வைஸ்ராயா வந்தவரே தான்) அவரைக் கூப்பிட்டுப் பேசினார். பாலைவனத்துல ரொம்ப தூரம் போய் வேவு பார்க்குற படையை ஆறு வாரத்துல ரெடி பண்ணணும். அது தான் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்.

கிடைச்சது சாதாரண செவர்லே லாரி. ஒன்றரை டன் தாங்கும்னு ரேட்டிங், இவங்க ஏத்தினது கிட்டத்தட்ட ரெண்டு டன். அதனால கதவு, முன் கண்ணாடி, மேற்கூரை எல்லாத்தையும் கழட்டிப் போட்டாங்க. ஸ்பிரிங்ல கூடுதல் பட்டை சேர்த்தாங்க. பழைய தகடும் கன்டென்சர் கேனும் திரும்ப வந்துச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமே தான். 1941-ல இவங்களுக்கு ஃபோர்டு எஃப் 30 லாரி வந்துச்சு. ஃபோர் வீல் டிரைவ்! ஆனா வெயிட் அதிகம், பெட்ரோலை மடக் மடக்னு குடிக்கும். பெட்ரோல் கூடினா சுமை கூடும், சுமை கூடினா வண்டி இன்னும் புதையும். 1942-ல திரும்பவும் ரெண்டு சக்கர டிரைவ் செவர்லேவுக்கே போயிட்டாங்க. பாலைவனத்தைக் கரைச்சுக் குடிச்ச கூட்டம் எடுத்த முடிவு இது.

இவ்ளோ தயார் பண்ணியும் வண்டியே போயிட்டா?

1941 ஜனவரி 31. குஃப்ராவுக்குத் தெற்கே ஜெபல் ஷெரிஃப்ங்கிற இடத்துல இத்தாலியப் படையும் விமானங்களும் ஒரு ரோந்துக் குழுவைத் தாக்கின. லாரிகள் எரிஞ்சுது. நாலு பேர் பாறைக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சாங்க: நியூசிலாந்துக்காரர் மூர், ஈஸ்டன், வின்செஸ்டர், மெக்கானிக் டைக். மூருக்குக் காலுல காயம், ஈஸ்டனுக்குத் தொண்டையில. மிஞ்சினது ரெண்டு காலன் டின் ஒண்ணு. அதுல இருந்தது ஏறக்குறைய 8 லிட்டர். சரணடையலாம்னு நினைக்காம தெற்கே நடக்க ஆரம்பிச்சாங்க.

மூரைக் கண்டுபிடிச்சது பத்தாவது நாள். நடந்த தூரம் ஏறக்குறைய 210 மைல்.

டாக்டரா கணக்கு போட்டுப் பார்த்தேன். சரிசமமா பிரிச்சா ஆளுக்கு 2 லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 200 மில்லி. சும்மா படுத்திருந்தாலே தோலும் மூச்சும் சேர்ந்து 800 மில்லி போயிடும். கழிவை வெளியேத்த சிறுநீருக்குக் குறைஞ்சது அரை லிட்டர் வேணும். வியர்வை இன்னும் கணக்குலயே வரல. அது குளிர்காலம்ங்கிறதால தான் தாங்கினாங்க. கோடைன்னா மூணு நாள் கூட கஷ்டம்ங்கிறது என் கணிப்பு.

பிரெஞ்சுப் படை நாலு பேரையும் கண்டுபிடிச்சது. ஈஸ்டன் மட்டும் பிழைக்கல. கடைசியா கொடுத்த டீ இனிப்பா இருந்ததும், எனக்குச் சர்க்கரை போடாத டீ தான் பிடிக்கும்னு சிரிச்சாராம்.

இப்ப உங்க வண்டிக்கு வருவோம். வெயில்ல வேலை செஞ்சா ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டர் வியர்வை போறது சாதாரணம். அதனால குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் வச்சுக்குங்க. நாலு பேர், மூணு நாள்னா 60 லிட்டர், 60 கிலோ. கூரை டென்ட் பலதும் ஏறக்குறைய அதே வெயிட் தான், அதுவும் வண்டி உச்சந்தலையில. தண்ணியைத் தாழ்வா, ரெண்டு அச்சுக்கும் நடுவுல கட்டுங்க. ஒரே டேங்க்ல வைக்காதீங்க. ஒவ்வொரு சீட் பக்கத்துலயும் கையில தூக்கிட்டு இறங்குற மாதிரி ஒரு கேன் இருக்கட்டும். கூடவே பத்து ஓஆர்எஸ் பாக்கெட், அதுக்கு வெயிட்டே கிடையாது.

இதெல்லாம் ஏத்தின பிறகும் வண்டி தாங்குற சுமையில மிச்சம் இருந்தா, வின்ச் பத்திப் பேசலாம்.