கிரய நாள் தகராறு

கிரய நாள் தகராறு என்பது வீடு விற்பனையில் விலை பேசி, முன்பணம் கைமாறி, பத்திரம் பதியப் போகும் கட்டத்தில் வாங்குபவர் எழுப்பும் ஆட்சேபங்களையும் அவற்றால் விளையும் பிணக்கையும் குறிக்கும். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்வது, மனை அளவு உதைக்கிறது என்பது, வங்கிக் கடன் இன்னும் கைக்கு வரவில்லை என்று நாள் கேட்பது, வீட்டில் இருந்த பொருளைக் காணோம் என்பது எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் இவற்றுக்கு ஒப்பந்தச் சட்டம் (1872), சொத்து மாற்றச் சட்டம் (1882), பதிவுச் சட்டம் (1908), குறித்தவகை நிவாரணச் சட்டம் (1963) ஆகியவை பொருந்தும். நீதிமன்றம் வரை போகாமல் சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே முடிந்துபோகும் தகராறுகளும் உண்டு. அங்கே பெரும்பாலும் விட்டுக்கொடுக்க நேர்வது விற்பவருக்குத்தான்.

சொல் வழக்கு

விற்பனைப் பத்திரம் ‘கிரயப் பத்திரம்’ எனப்படும். அதற்கு முந்தைய உடன்படிக்கை பேச்சில் ‘அக்ரிமென்ட்’, முன்பணம் ‘அட்வான்ஸ்’, அதற்கும் முன்னால் வாய்ப்பேச்சை உறுதி செய்யக் கொடுக்கும் சிறு தொகை ‘டோக்கன்’. பழைய சொல் ‘அச்சாரம்’. கிரயம் முடிக்க வேண்டிய நாள் ‘கெடு’. சொத்தின் மேல் உள்ள கடன், பற்று, வழக்கு ஆகியவற்றைக் குறிக்கும் ‘வில்லங்கம்’ என்ற பத்திரச் சொல், ஊர்ப்பேச்சில் எந்தத் தொல்லைக்கும் பெயராகிவிட்டது. சொத்து விற்பனை நம் மக்களை எவ்வளவு அலைக்கழித்திருக்கிறது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

வரலாறு

சோழர் காலக் கல்வெட்டுகளில் நில விற்பனை ஆவணங்கள் ஏராளம். ஊர்ச்சபையோ தனியாளோ நிலம் விற்றபோது எழுதிய ஓலையின் வாசகம் பின்னர் கோயில் சுவரில் வெட்டப்பட்டது. கோயிலுக்கு வந்து சேர்ந்த நிலங்களின் ஆவணங்களே மிகுதியும் கல்லில் ஏறின. ஆகவே குடியிருப்பு மனைகளைவிட நன்செய் புன்செய் விற்பனை பற்றியே நமக்கு அதிகம் தெரிகிறது. இவ்வாசகங்களைத் தொடர் தொடராகப் பிரித்துப் படித்தால், ஒவ்வொன்றும் பின்னால் வரக்கூடிய ஒரு சண்டையை முன்கூட்டியே அடைக்க எழுதப்பட்டது என்பது விளங்கும்.

முதலில் எல்லை. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கு பக்கமும் சொல்லி, அந்தப் பெருநான்கெல்லைக்குள் அகப்பட்ட நிலம் ‘உண்ணிலம் ஒழிவின்றி’ விற்கப்பட்டது என்பார்கள். நடுவில் ஒரு துண்டை விற்கவில்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. நான்கெல்லையைச் சொல்லும் இன்றைய பத்திரத்தின் செக்குபந்தி இதன் வாரிசு. அடுத்தது அளவு. ‘மிகுதிக்குறைவு உள்ளடங்க’ என்ற தொடர், அளந்து பார்த்துக் கூடினாலும் குறைந்தாலும் விலை மாறாது என்று முடித்துவிடுகிறது. அரை அடி குறைகிறது என்று இன்று பதிவு நாளில் டேப்பை நீட்டுபவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மூன்று சொல்லில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நிலத்தோடு என்னென்ன போகும் என்பதற்கும் வாசகம் இருந்தது. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடிய இடமும் ஆமை தவழ்ந்த இடமும் என்று அது விரியும். படிக்கும்போது கவிதை போலத் தோன்றினாலும் இது கறாரான சட்ட மொழி. கடைசியாகப் பணம். ஆவணம் எழுதும் களத்திலேயே, ‘ஆவணக்களியே’, விலைப்பொருளை முழுக்கக் கையில் பெற்றுக்கொண்டு விற்றதாக எழுதுவார்கள். இதுவே விலை ஓலை, இதுவே பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை, இதற்கு மேல் வேறு ஓலை காட்டக் கடவதில்லை என்று முடியும். பணம் பெற்றதற்கான ரசீதும் விற்றதற்கான பத்திரமும் ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே ஓலையில் முடிந்தன. பணத்தைப் பிறகு தருகிறேன் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

ஆவணத் தகராறு எப்படி விசாரிக்கப்பட்டது என்பதற்குச் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் தடுத்தாட்கொண்ட வரலாறு நல்ல சான்று. அது வீட்டு விற்பனை பற்றியதல்ல, அடிமை ஓலை பற்றியது. ஆனாலும் நடைமுறை அதேதான். சுந்தரர் தமக்கு அடிமை என்று முதியவர் ஒருவர் ஓலை காட்டி வழக்காடினார். சுந்தரர் கிழித்தெறிந்தது படி ஓலை. மூல ஓலை முதியவர் கையில் பத்திரமாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் அதை வாங்கிப் படித்து, அதை எழுதித் தந்த சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தை அவர் எழுதிய வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள். அனுபோகம், எழுத்து, சாட்சி என்ற மூன்றும் அங்கே பேசப்படுகின்றன. இன்றைய உரிமையியல் வழக்கறிஞரும் இந்த மூன்றைத்தான் தேடுகிறார்.

யாழ்ப்பாணத்தில் 1707-இல் டச்சுக்காரர்கள் தொகுத்த தேசவழமை, நிலத்தை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரிமைக்காரர்களுக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்றது. அங்கே கடைசி நேரத் தகராறு வாங்குபவரிடமிருந்து மட்டுமல்லாமல் சொந்தத்திலிருந்தும் வந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1864-இல் பதிவுச் சட்டம் வந்தது. ஓலை போய் முத்திரைத்தாள் வந்தாலும் வாசகத்தின் சாயல் மாறவில்லை. ‘சர்வ சுதந்திர பாத்தியத்துடன்’, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்றெல்லாம் பத்திர எழுத்தர்கள் இன்றும் எழுதுகிறார்கள். மாறியது ஒன்றே: உடன்படிக்கைக்கும் கிரயத்துக்கும் நடுவே மூன்று மாதம், ஆறு மாதம், பதினொரு மாதம் என்று இடைவெளி வந்துவிட்டது. தகராறுகள் விளைவது அந்த இடைவெளியில்தான்.

வகைகள்

வீட்டோடு சேர்ந்த பொருள் பற்றிய சண்டை தொகையில் சிறியது, கோபத்தில் பெரியது. சொத்து மாற்றச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, வீடு விற்றால் அதன் பூட்டு, சாவி, கம்பி, கதவு, சன்னல், நிரந்தரப் பயனுக்கு அமைத்த பிற பொருள்கள் எல்லாம் சேர்ந்தே போகும் என்கிறது. கூடத்து ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். உத்திரத்தில் பதித்த இரும்புக் கொக்கி வீட்டைச் சேர்ந்தது. தேக்குப் பலகையும் பித்தளைச் சங்கிலியும் கழற்றி எடுக்கக்கூடியவை. அவற்றை விற்பவருடையவை என்று கொள்வதே பொருத்தம். வீடு பார்க்க வந்த அன்று அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடி மனசு நிறைந்துபோன வாங்குபவருக்கு இது புரியாது. வெறும் கொக்கியைப் பார்த்ததும் தான் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். மின்விசிறி, இன்வெர்ட்டர், மோட்டார், தண்ணீர்த் தொட்டி, ஊஞ்சல் என உடன்படிக்கையின் அடியில் எழுதும் ஐந்து வரி இந்தச் சண்டையை ஒழித்துவிடும்.

வரியால் வரும் பிணக்கு பெரும்பாலும் அறியாமைதான். 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ விலையுள்ள சொத்தில், வாங்குபவர் 1 சதவீதம் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும் என்ற விதி 2013 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 60 லட்சத்துக்கு விலை பேசியவர் கையில் 59 லட்சத்து 40 ஆயிரம் வரும்போது, மீதி 60 ஆயிரம் எங்கே என்று கேட்பது இயல்பு. அது அவருடைய பான் எண்ணில்தான் வரவாகிறது. போன பணம் அல்ல.

இதைவிட ஆபத்தானது, பத்திரத்தில் மதிப்பைக் குறைத்துப் போட்டு மீதியை ரொக்கமாக வாங்கிக்கொள்ளச் சொல்வது. முத்திரைக் கட்டணம் மிச்சம் என்பார்கள். 2015 ஜூன் 1 முதல் அசையாச் சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவு தொகையே விற்பவருக்கு அபராதமாக விதிக்கப்படலாம். மிச்சம் ஒருவருக்கு, அபராதம் இன்னொருவருக்கு. இக்கோரிக்கையை அந்த இடத்திலேயே மறுக்க வேண்டும்.

வங்கிக் கடன் தாமதத்துக்கு உடன்படிக்கையில் தனி ஷரத்து இல்லையென்றால் அது வாங்குபவரின் பாடு. கெடு நீட்டிக் கொடுப்பதானால் எழுத்தில், இருவர் கையெழுத்தோடு, புது நாளைக் குறித்துத் தர வேண்டும். போனில் “பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று சொன்ன வார்த்தை பிறகு நீதிமன்றத்தில் கெடுவைத் தளர்த்தியதற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

பதிவு நாளில்

அலுவலகத்தில் வரிசை டோக்கன் எடுத்து, பெயர் கூப்பிடக் காத்திருக்கும் நேரத்தில் வாங்குபவர் ஓரமாக அழைத்து, மாடியில் ஒழுகுகிறது, ஐம்பதாயிரம் குறையுங்கள் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் பதற்றத்தில் தலையாட்டிவிடுகிறார். உண்மையில் அந்த நேரத்தில் வாங்குபவரின் பிடிதான் தளர்ந்திருக்கிறது. முத்திரைக் கட்டணம் வழக்கமாக வாங்குபவர் பொறுப்பு. 60 லட்சம் மதிப்புக்கு 7 சதவீத முத்திரைக் கட்டணம் 4 லட்சத்து 20 ஆயிரம், 2 சதவீதப் பதிவுக் கட்டணம் 1 லட்சத்து 20 ஆயிரம். அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து போவது எளிதல்ல. அவசரப்படாமல் உடன்படிக்கையை எடுத்து இருவரும் படிப்பது முதல் வேலை. ஒழுகல் உண்மையானால், அதைச் சரிசெய்யும் செலவை ஒரு தொகையாகத் தனித்தாளில் எழுதி, யார் எப்போது எவ்வளவு தருவது என்று சாட்சியோடு கையெழுத்திடலாம். விலையைத் தொடக் கூடாது.

கையெழுத்துக்கு முன் வங்கி வரைவோலையை (டிடி) வாங்கிப் பெயர், தொகை, தேதி மூன்றையும் விற்பவர் தாமே படிக்க வேண்டும். எழுத்தர் பார்த்துவிட்டார் என்று விடக் கூடாது. விலையில் ஒரு பகுதி பாக்கி நிற்பதால் மட்டும் பதிவான கிரயம் செல்லாமல் போகாது என்று தஹிபென் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. பாக்கிக்காக அந்தச் சொத்தின் மேல் விற்பவருக்குப் பற்று உண்டு. ஆனால் வீடு போனது போனதுதான். பத்திரத்தை விற்பவர் தாமாக ஒருதலையாக ரத்து செய்வதும் செல்லாது என்று லத்தீஃப் எஸ்டேட் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2011-இல் தீர்ப்பளித்தது. சாவியும் அப்படியே: பணம் முழுதும் வரும்வரை சாவி விற்பவர் இடுப்பிலேயே இருக்கட்டும்.

வாங்குபவர் வரவே இல்லையென்றால், கெடு நாளுக்குள் தாம் தயாராக இருப்பதாக சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் தபாலில் அறிவிப்பு அனுப்பி, கெடு நாளில் மூலப் பத்திரம், வரி ரசீதோடு அலுவலகத்துக்குப் போயிருப்பது வழக்கமான முறை. 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையும் கட்டாயப் பதிவுக்குரியது. பதிவான உடன்படிக்கை வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அது நிற்கும்வரை அடுத்து வருபவருக்கு வங்கி கடன் தரத் தயங்கும். எனவே திருப்பித் தர வேண்டிய பணம் எதுவானாலும், வாங்குபவர் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பதிந்த பிறகே தர வேண்டும்.

தீர்ப்புகள்

அசையாச் சொத்து உடன்படிக்கையில் கெடு பொதுவாக உயிர்நாடி அல்ல என்பது பழைய கொள்கை. சந்த் ராணி வழக்கில் (1992) உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிசெய்தாலும், நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. மதுரை வீடு ஒன்றைப் பற்றிய வித்யானந்தம் எதிர் வைரவன் வழக்கு (1997) விற்பவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. 1978 டிசம்பரில் 60 ஆயிரத்துக்குப் பேசி, 5 ஆயிரம் முன்பணம் தந்து, ஆறு மாதக் கெடு வைத்தவர் இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்து வீட்டைக் கேட்டார். அதற்குள் விலை ஏறியிருந்தது. உடன்படிக்கைப்படி கிரயம் செய்து தரச் சொல்லும் ‘ஏற்றதை ஆற்றும் பரிகாரம்’ தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. சாரதாமணி கந்தப்பன் வழக்கில் (2011) விலைவாசி இப்படி ஏறும் காலத்தில் பழைய கொள்கையையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டது. வாங்குபவர் தவறினால் முன்பணத்தை விற்பவர் எடுத்துக்கொள்ளலாம், விலையின் பகுதியாகத் தந்த தொகையை எடுத்துக்கொள்ள முடியாது என்பது சதீஷ் பத்ரா வழக்கின் (2012) முடிவு. ஆகவே வாங்கும் தொகை எந்த வகை என்பதை உடன்படிக்கையில் சொல்லியே எழுத வேண்டும். பதியாத உடன்படிக்கையையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம் என்று தமிழ்நாட்டு வழக்கொன்றில் 2023-இல் தீர்ப்பாயிற்று.

இன்றைய நிலை

குறித்தவகை நிவாரணச் சட்டத்தில் 2018-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் ஏற்றதை ஆற்றும் பரிகாரம் நீதிபதியின் விருப்புரிமை என்ற நிலை மாறியது. தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 2023 ஜூலையில் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. பதிவு வேலை பெரும்பாலும் இணையத்துக்கு மாறிவிட்டது.