இளஞ்சிறார் குற்றமும் மனப்பதற்றமும்: உளச்சிகிச்சை நோக்கில் கம்பம் பள்ளத்தாக்கு

சட்டத்துடன் முரண்பட்ட வளரிளம் பருவத்தினருக்கான உளச்சிகிச்சையில் மனப்பதற்றம் வெறும் நோய்க்குறி அன்று. சிகிச்சை நகர்வதே அதைக் கொண்டுதான். திருட்டு, அடிதடி, கஞ்சா என்று பிடிபட்ட பையனைக் காட்டி, “இவனுக்குப் பயமே கிடையாது சார்” என்பார்கள். பெரும்பாலும் அது தவறான கணிப்பு. உள்ளே எழும் கலக்கத்தைத் தாங்கத் தெரியாதவன் ஓடுகிறான், உடைக்கிறான், அடிக்கிறான். பதற்றம் மனத்தில் தங்குவதற்குள் கைகாலில் இறங்கிவிடுகிறது.

இத்தகைய சிறாருக்கான சிகிச்சையைப் பற்றி விரிவாக எழுதிய முன்னோடி, வியன்னாவின் உளப்பகுப்பாளர் ஆகுஸ்ட் ஐக்ஹோர்ன். 1925இல் வெளிவந்த அவருடைய நூலுக்கு ஃபிராய்டு முன்னுரை தந்தார். தாம் நடத்திய சீர்திருத்த இல்லத்தின் மிக முரட்டுப் பையன்கள் சாமான்களை நொறுக்கியபோதும் யாரும் திருப்பி அடிக்கக் கூடாது என்றிருந்தார் அவர். அடி விழுமென்று காத்திருந்தவர்கள் அது விழாததால் நிலைகொள்ளாமல் தவித்து, கடைசியில் ஆத்திரத்தோடு அழுதார்கள். சிகிச்சைக்கு வழி திறந்தது அங்கேதான். பதற்றம் உண்மையிலேயே குறைவாக உள்ள சிலரும் உண்டு. அத்தகைய கைதிகள் தண்டனையைத் தவிர்க்கக் கற்பதில் பின்தங்குவதை உளவியலாளர் டேவிட் லிக்கன் 1957இல் சோதனை வழியாகக் காட்டினார். இரு வகையினரையும் பிரித்தறியாமல் மிரட்டித் திருத்த முயல்வது, முதல் வகைப் பையனை மேலும் ஓடவே வைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சிகிச்சைக்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பகுதிகளில் விடியுமுன்னே ஏலத்தோட்ட ஜீப்புகள் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கிக்கு ஏறிவிடும். அப்பாவும் அம்மாவும் அதில் போய்விட, அப்பத்தாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் பலர். அவர்கள் எல்லோரும் தடம் மாறுவதில்லை. மாறியவனுக்கான சிகிச்சையில் குடும்பத்தைப் பகலில் வரவழைப்பதே பெரும்பாடு.

இளைஞர் நீதிச் சட்டம் (2015) 18 வயதுக்கு உட்பட்டோரின் வழக்கை நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமத்திடம் ஒப்படைக்கிறது. விசாரணைக்குப் பொதுவான கெடு 4 மாதம். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட, 16 வயது நிறைந்தவரின் மனத்திறனை முன்கூட்டியே மதிப்பிட உளவியலாளரின் உதவியைப் பெறலாம். மதிப்பீடு சிகிச்சையாகாது. நம்பிக்கை வந்த பிறகே பையன் தன் பதற்றத்தைச் சொல்லில் கொண்டுவருவான். அதற்குள் கூர்நோக்கு இல்லத்திலிருந்து ஜாமீனில் போய்விடுவதுண்டு. பதற்றம் சொல்லாகத் தொடங்கும் கட்டத்தில்தான் சிகிச்சையைவிட்டு ஓடவும் தோன்றும். ஆகவே வீடு திரும்பிய பின்னும் அதே சிகிச்சையாளர் தொடர்வது அவசியம்.

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில் இருக்கிறது. கூடலூரிலிருந்து தாயும் மகனும் அங்கே வந்துபோனால் ஒரு நாள் கூலி போய்விடும். கம்பம், போடி அரசு மருத்துவமனைகளில், ஜீப்புகள் இறங்கிய பிறகு மாலை நேரத்தில் ஆலோசனை கிடைத்தால்தான் பெற்றோர் இதில் பங்கெடுக்க முடியும்.